அவர் கை காட்டினார், நான் தலையாட்டினேன்

ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் வலது கையை இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை தரையைப் பார்க்க, நீட்டிப் பிடித்தார். ஒரு பிள்ளையின் தலையில் கை வைத்திருப்பதுபோல இருந்தது. எங்கள் மகள் மலரின் உயரம் அது.

எங்கள் இருவருக்கும் நடுவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சற்று முன்புவரை கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடைதான். இப்போது அந்தக் கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

'பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள்' என்று சொல்கிறார். எனக்கு அப்படித்தான் புரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தலையைப் பெரிதாக ஆட்டினேன். அவரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அப்பாடா என்று ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

உண்மையில் அவர் கேள்வி கேட்டிருந்தார். 'பிள்ளை உன்கிட்டதானே?' நான் 'ஆமாம்' என்று பதில் சொல்லியிருந்தேன்.

ஆற்றுக்கு இரண்டு கரையிலும் ஆளுக்கொரு பொய்யான நிம்மதியோடு உட்கார்ந்திருந்தோம். மலர் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

போன வாரம் என் பிரசவ ஆஸ்பத்திரிக் கதையைப் படித்துவிட்டுப் படபடப்பாக வந்தது என்று சில பேர் சொன்னார்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்பினோம். இனி நிம்மதியாகப் படிக்கலாம்.

லீவு விட்டால் வருகிற பயம்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. எனக்கு ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரையும் ஊரையும் இணைத்துவிடுகிற உத்தியோகம். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். ஷிப்டு மாறி மாறி வரும். மலர் மூத்தவள். அப்போது மூன்றாம் வகுப்பு. பாபு இளையவன், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது.

பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாட்களில் எனக்குப் பயம் கிடையாது. லீவு விட்டால்தான் பயம். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எதில் ஏறியிருக்கிறார்கள், எதை வாயில் வைத்திருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே தப்பான ஊருக்கு லைன் கொடுத்த நாளும் உண்டு.

கோடை லீவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் பாபுவின் நெஞ்சு உயரம்கூட இருக்காது. முதல் வேலையாக அதன்மேல் இரும்பு வலை போடச் சொல்லி நச்சரித்தேன். "நீங்க அம்புட்டுப் பேரும் இந்தக் கிணத்துப் பக்கத்துலதான வளந்தீக" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். ஆனாலும் போட்டாள்.

ஆடியில் தேர் ஓடும்போது கூட்டத்தில் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்க மாட்டேன். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் யாராவது ஒரு சொந்தக்காரர் பை நிறைய வெடி கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். நைலான் சட்டை போடக் கூடாது. செருப்பு இல்லாமல் வெளியே வரக் கூடாது. வாளியில் தண்ணீர் வைக்காமல் திரி கிள்ளக் கூடாது. அணைந்த வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. என் குரலிலேயே இதையெல்லாம் மலர் சொல்லிக்காட்டுவாள். பாபு கைதட்டிச் சிரிப்பான்.

"வீட்டுக்குள்ளயே ஒரு சேஃப்டி ஆபீஸர வச்சிருக்கேன்" என்பார் என் வீட்டுக்காரர். மில்லில் அவருக்குப் பிடிக்காத ஆள் அந்த ஆபீஸர்தான்.

பாபுவின் குதிகால்

சேஃப்டி ஆபீஸர் வேலையோடு குப்பை பொறுக்கும் வேலையும் எனக்குச் சேர்ந்தது ஒரு கோடையில்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒருநாள் லீவு கிடைத்தால் போகிற இடம் மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அய்யனார் கோவில். மாந்தோப்புகளைத் தாண்டி, மரத்தடி நிழலில் கொஞ்ச தூரம் நடந்தால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கோவில். சாம்பல் அணில் ஒன்று தலைக்கு மேலே கொம்புக்குக் கொம்பு தாவும். அருவித் தண்ணீரில் கால் வைத்தால் உச்சிவரை குளிரும்.

அந்தக் கோடையில் பாபு கால் வைத்தது உடைந்த பாட்டில் மேல். யாரோ குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கண்ணாடி எங்கே தெரிகிறது? ஓடையில் சிவப்பாக ஓர் இழை ஓடியதைப் பார்த்த பிறகுதான் அவன் அழவே ஆரம்பித்தான். குதிகாலில் தையல். அந்த லீவு முழுக்க நொண்டிக்கொண்டு திரிந்தான்.

அவன் காலைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். புதர் முள்ளில் எல்லாம் பாலிதீன் பைகள் தொங்கின. கடைகளில் சாமான் வாங்கினால் அந்தப் பையைச் சும்மா கொடுக்க ஆரம்பித்திருந்த காலம். அது எங்களுக்கு அவ்வளவு புதுசு. நானே அதைக் கழுவி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அழகான பொருள் என்று நினைத்திருந்தது இப்படி முள்ளில் தொங்கிக் கிழிவதைப் பார்க்க என்னமோ போல் இருந்தது.

பட்டாளத்தில் இருந்த என் தம்பி லீவில் வந்தபோது இதைச் சொன்னேன். "எங்க கேம்ப்ல கெளம்பும்போது ஒரு தீக்குச்சி கெடந்தாலும் விட மாட்டாங்கக்கா. வந்த எடம் தெரியக் கூடாது" என்றான்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் எவர்சில்வர் தூக்குவாளி, துணிப்பை, வாழை இலை. கொண்டுபோனது எல்லாம் திரும்ப வர வேண்டும். சாப்பிட்ட இலை மட்டும் மாட்டுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையிலேயே, "பை வேண்டாம்ணே, இந்தச் சம்புடத்துல போடுங்க" என்று நீட்டுவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் நாலடி தள்ளிப் போய், யாரோ எவரோ என்று நின்றுகொள்வார்.

தீபாவளி முடிந்த லீவு

நான் சொல்ல வந்த நாள், ஒரு தீபாவளிக்குப் பிறகு வந்த லீவு நாள். மழைக்காலம்தான். ஆனால் அன்றைக்கு ஊரில் நல்ல வெயில். ரெண்டு நாளாகப் பலகாரம் தின்று அலுத்துப்போய் வெளியே எங்கேயாவது போகலாம் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். பக்கத்து வீட்டு லட்சுமம்மா அக்காவும் சேர்ந்துகொண்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பிள்ளைகள் பெரிதாகி வெளியூரில் இருந்ததால், என் பிள்ளைகள்தான் அவருக்கும் பிள்ளைகள். ஒரு வேனை வாடகைக்குப் பேசி, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஓடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். எல்லோரும் கல் மேல் கால் வைத்து அந்தப் பக்கம் போய்ச் சாமி கும்பிட்டோம். லட்சுமம்மா அக்கா பித்தளைச் செம்பில் பால் கொண்டுவந்திருந்தார். பிறகு இந்தக் கரைக்குத் திரும்பி, ஒரு பெரிய பாறை நிழலில் இலை போட்டோம்.

சாப்பிடும்போது லட்சுமம்மா அக்கா மலையைப் பார்த்தார். உச்சியில் மட்டும் கருப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது.

"மேல பெய்யுது போல இருக்கே கோமதி."

"பெய்யட்டும்க்கா. இங்க வெயில் அடிக்குதுல்ல" என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருந்த எனக்கு, மேலே பெய்கிற மழை கீழே வரும் என்பது மட்டும் அன்றைக்குத் தெரியாது. அப்பளத்தை நொறுக்கிப் பாபுவின் இலையில் போட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் இலைகளைச் சுருட்டி, பறக்காமல் இருக்கப் பாறை மேல் வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். "மலரு, இதக் கொண்டுபோய்த் தோப்பு மாட்டுக்குப் போட்டுட்டு வா. வேன் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலதான்."

"நான் மாட்டேன். எப்பவும் நானே போகணுமா? பாபு போகட்டும்." முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து லட்சுமம்மா அக்கா, "அய்யோ, என் செம்பு!" என்றார். கோவிலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் மாமியார் கொடுத்த செம்பு. விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

"இருங்கக்கா, நான் எடுத்துட்டு வாரேன்" என்று என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நானும் வாரேன்ப்பா!" மலர் அவர் பின்னாலேயே ஓடினாள். அவள் கற்கள் இருக்கிற இடத்துக்கு ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவோடுதானே போகிறாள் என்று பாபுவைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். தயிர்சாதம் அவன் காதுவரை இருந்தது. லட்சுமம்மா அக்கா தூக்குவாளியைக் கழுவுவதற்காக என்னோடு வந்தார்.

தண்ணீர் வந்தது

முதலில் வாடை வந்தது. புது மண் வாடை. அப்புறம் நான் பாபுவின் கையைக் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்கியது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் கொத்தாக வந்து என் கையில் மோதின. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவதுபோல மேலே எங்கோ ஒரு சத்தம்.

"ஏறு! ஏறு! தண்ணி வருது! ஏலே, பிள்ளைகளத் தூக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

பாபுவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். லட்சுமம்மா அக்கா ஒரு கையில் வாளியோடு ஏறினார். திரும்பிப் பார்த்தால், நான் குந்தியிருந்த இடம் இல்லை. ஒரு மரத்துண்டு உருண்டு உருண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஓடை ஆறாகிவிட்டது.

அந்தக் கரையில் என் வீட்டுக்காரர் நின்றார். கையை நீட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்தார்.

"நல்லவேளைக்கா. மலர் அவியகூட இருக்கா" என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன். பாபுவின் தலையை முந்தானையால் துவட்டினேன். அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

லட்சுமம்மா அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "எங்க இருக்கா? எனக்குத் தெரியலையே."

"கோயிலுக்குள்ள இருப்பாக்கா."

என் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டி நுனியைப் பிழிந்தார். மெதுவாக நடந்து போய்க் கோவில் முன்னால் மாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். சிரித்தார்.

அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளத்துக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிற மனுஷன் அப்படி உட்கார மாட்டார். கண் அலைந்துகொண்டே இருக்கும். அடிக்கொரு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். இவரோ, பிள்ளையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி காலை நீட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் காட்டிய கை எனக்குப் புரிந்தது.

பாறை மேல் கல்

"ஏங்க! மலர் எங்கங்க?"

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நாள் முழுக்க மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் மெட்ராஸுக்கும் பேச்சை இணைத்துவிடுகிறவள் நான். ஒரு தெரு அகலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புருஷனிடம் ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் பார்த்தார். அவரும் கையை ஆட்டினார், பஸ்ஸில் வழியனுப்புகிறவர் மாதிரி.

ஆற்றைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நடு வெள்ளத்தில் மஞ்சளாக ஒன்று புரண்டு வந்தது. முங்கியது. மறுபடி மேலே வந்தது. லட்சுமம்மா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அது ஒரு பாலிதீன் பை. காற்று ஊதி உப்பிப்போன ஒரு ஜவுளிக்கடைப் பை. கிளையில் மாட்டி, கிழிந்து, அடங்கிப்போனது.

"ஏமி காலேது, ஏமி காலேது" என்று அக்கா தன் மொழியில் முணுமுணுத்தார். ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

கற்கள் இருந்த இடத்துக்கு ஓடலாம் என்று திரும்பினேன். அங்கே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் நாங்கள் சாப்பிட்ட பாறை கண்ணில் பட்டது. தண்ணீர் அதன் அடியை மட்டும் நனைத்திருந்தது. மேலே காய்ந்து கிடந்தது. நான் வைத்த கல் அங்கேயே இருந்தது, ஆனால் ஓரமாக நகர்ந்து.

இலைக் கட்டைக் காணோம்.

தண்ணீர் அங்கே ஏறவில்லை. காற்று அந்தக் கல்லைத் தள்ளாது. யாரோ கல்லை நகர்த்தி வைத்துவிட்டு இலையை எடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் சாப்பிட்ட எச்சில் இலையை வேறு யார் எடுக்கப்போகிறார்கள்?

"அக்கா, பாபு!"

"நீ ஓடு தல்லி. பையன நான் பாத்துக்கிடுதேன்."

தோப்பில்

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகினேனா, செருப்பு எங்கே போனது, எதுவும் ஞாபகம் இல்லை. பாதையில் ஓர் இடத்தில் கொஞ்சம் புளியோதரைப் பருக்கைகள் சிந்திக் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினேன்.

மாந்தோப்பு வேலிக்குள் ஒரு சிறு வீடு. வாசலில் கட்டியிருந்த மாடு வாழை இலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன். கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள் என் மகள்.

"அம்மா, கன்னுக்குட்டி இலையத் திங்கவே மாட்டேங்குது. பெரிய மாடுதான் தின்னுச்சு" என்றாள்.

முதலில் கை ஓங்கியது. அது என்னை அறியாமல் ஓங்கியது. ஓங்கின கை அவள் வாயில் ஒட்டியிருந்த கொய்யா விதையைத் துடைத்தது. அப்புறம் அந்தச் சாணி வாசலிலேயே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தோப்பு வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தாள். "ஆத்துச் சத்தம் கேட்டதும் பிள்ள திரும்பி ஓடப் பாத்துச்சு. ஏட்டி, போகாத, உங்கம்மா வருவான்னு பிடிச்சு உக்கார வச்சேன். அழுதுச்சு. அதான் பழத்தக் கொடுத்தேன்." என்னைப் பார்த்துவிட்டு, "நீ மொதல்ல தண்ணியக் குடி. எம்புட்டு வேர்த்துருக்கு" என்றாள்.

தண்ணீரைக் குடித்த பிறகு கேட்டேன். "அப்பாகூடத்தான போன? எப்பிடி இங்க வந்த?"

"அப்பா ரெண்டாவது கல்லுலயே திரும்பிப் போன்னுட்டாங்க. கல்லு வழுக்குதாம். நான் வந்து பாத்தேன், நீ இல்ல. சும்மாதான இருக்கோம், நாமளே இலையப் போட்டுருவோம்னு வந்தேன். நீதான போகச் சொன்ன?"

நான்தான் சொன்னேன். சொன்னது நல்லதாகப் போயிற்று என்று இப்போது யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனசு வராது. அவள் அதே பிடிவாதத்தோடு தண்ணீரோரம் உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். இலையைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பி, தண்ணீர் வருகிற நேரத்துக்குச் சரியாக ஓடையில் கால் வைத்திருக்கவும் செய்யலாம். அந்தக் கன்றுக்குட்டிக்கும் கொய்யாப்பழத்துக்கும் அந்த அம்மாளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

வடம் பிடித்து வந்தவர்

கரைக்குத் திரும்பினோம். லட்சுமம்மா அக்கா மலரைக் கட்டிப்பிடித்து, "நா தல்லி, நா தல்லி" என்று, என் தாயே என் தாயே என்று, அழுது தீர்த்தார். பாபுவுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. தனக்கும் கொய்யாப்பழம் வேண்டும் என்றான்.

மலரைப் பாறை மேல் ஏற்றி நிறுத்தி அந்தக் கரைக்குக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்தார். ஒரு கையை லேசாகத் தூக்கினார். இன்னொரு கையில் கோவிலில் கொடுத்த பொங்கல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சிரிப்பும் வந்தது. ரெண்டும் சேர்ந்து வந்ததில் லட்சுமம்மா அக்கா பயந்துபோனார்.

தண்ணீர் வடிகிறவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இந்தக் கரையில் ஒதுங்கியிருந்ததை எல்லாம் மலர் வேடிக்கை பார்த்தாள். ஒற்றைச் செருப்பு, பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், கொத்துக் கொத்தாய்ப் பைகள்.

"இதெல்லாம் யாரும்மா போட்டது?"

"மேல வந்தவங்க."

"நாமளும் மேலதானம்மா வந்தோம்?"

துணிப்பையை விரித்தேன். கைக்கு எட்டிய பாட்டில்களை மட்டும் எடுத்துப் போட்டோம். வேறு சிலரும் குனிந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, பொழுது போக வேண்டுமே.

வெயில் தாழும் நேரத்தில் தண்ணீர் இறங்கியது. தோப்புப் பக்கமிருந்து ஆட்கள் பெரிய வடம் கொண்டுவந்து இரண்டு கரை மரங்களிலும் கட்டினார்கள். ஒவ்வொருவராக அதைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் செம்பைத் தலையில் கவிழ்த்துத் துண்டால் கட்டியிருந்தார். இரண்டு கைக்கும் வடம் வேண்டுமே. அந்தக் கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"செம்பு கெடச்சிருச்சுக்கா" என்பதுதான் கரையேறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நான் நடந்ததைச் சொன்னேன். சத்தம் போட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிவிட்டது.

"நீ தலையாட்டுனியே?" என்றார்.

"நீங்க கையக் காட்டுனீகளே?"

"நான் கேட்டேம்மா. பிள்ள உங்கிட்டதானன்னு கேட்டேன்."

"நீங்க சொல்றீகன்னு நெனச்சேன்."

அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். மலரைப் பார்த்தார். மறுபடி ஆற்றைப் பார்த்தார். மில்லில் ஓடுகிற மெஷினுக்குள் கைவிட்டு வேலை பார்க்கிற மனுஷன். தலையில் கட்டிய செம்பைக்கூட அவிழ்க்காமல் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீடு திரும்பும்போது

எக்ஸ்சேஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. நம்பரைக் கேட்டால் அதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் லைன் கொடுப்போம். அந்த லீவுக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அது வந்தது. "மலர் உங்ககிட்ட" என்று நான் சொன்னால், "மலர் எங்கிட்ட" என்று அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். கை, தலை, கண் ஜாடை எதுவும் செல்லாது. தேர்க்கூட்டத்தில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் நாங்கள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது மலரும் அவள் வீட்டுக்காரரும் தங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு அதையே சொல்கிறார்கள். யாரிடம் கற்றது என்று அவள் சொல்வதில்லை. மலையில் மேகம் இருந்தால் ஓடையில் இறங்குவதில்லை என்பதும் எங்கள் விதிகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு வேனில் லட்சுமம்மா அக்கா செம்பை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் தூங்கிப்போனார். பாபு என் மடியில் தூங்கினான். வழக்கமாக ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிற மலரை அவர் அங்கே உட்கார விடவில்லை. தனக்கும் எனக்கும் நடுவில் உட்கார வைத்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாந்தோப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஊருக்குள் விளக்கு ஏற்றும் நேரம். கையை விடவில்லை.

"அப்பா, கை வலிக்குது."

"எம்புட்டு வலிக்குது?"

"ரொம்ப."

"செத்த நேரம் பொறுத்துக்க தாயி" என்றார். "எனக்கு இப்பத்தான் பயமே வருது."